மஞ்சள் கடுதாசியும் ஒரு பாரிஸ்டரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன். வழக்கமாக சாயங்காலம்தான் கூப்பிடுவாள். காலையிலேயே கூப்பிட்டால் ஏதோ சமாச்சாரம் என்று அர்த்தம்.

"டேய், உன் மருமக என்ன சொல்றா தெரியுமா? திவால் கேஸ் நடத்துற வக்கீலாப் போறாளாம். அஞ்சு வருசம் காசு கட்டிப் படிக்க வச்சது மஞ்சக் கடுதாசி எழுதிக் குடுக்கவா? நம்ம வீடு அதுல பட்டது போதாதா?"

மஞ்சள் கடுதாசி தெரியாதவர்களுக்கு: எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒருவர் "என்னால் கடனைக் கட்ட முடியாது" என்று கோர்ட்டில் இன்சால்வென்சி பெட்டிஷன் போட்டால், "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்பார்கள். "ஐ.பி. போட்டுட்டான்" என்றும் சொல்வதுண்டு. கல்யாண வீட்டில் அந்த ஆள் நுழைந்தால் பந்தியில் பேச்சு நின்றுவிடும்.

மருமகள் சென்னையில் நாலாம் வருடம் சட்டம் படிக்கிறாள். 2016-ல் புது திவால் சட்டம் வந்த பிறகு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் வேலை குவிகிறது, நல்ல வருமானம், சீனியர்களே தேடிப் பிடிக்கிறார்கள் என்பது அவள் கட்சி. நான் இங்கே போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம், ஆனால் வாய் இன்னும் பழகவில்லை) லம்பா லைனில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாக நாலு பேர் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். குடும்பத்தில் கம்பெனி, கணக்கு என்று பேசத் தெரிந்த ஒரே ஆள். ஆகவே பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

"மாமா, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க. திவால்னா திருட்டு இல்லைன்னு."

சொல்லலாம்தான். ஆனால் அக்காவிடம் சட்டம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. கதை சொன்னால் கேட்பாள். எனவே ஒரு பாரிஸ்டரின் கதையைச் சொன்னேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மேலே விமானம் போனால் எங்கள் தெருவில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். முழுசாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் செல்லுலர் ஜெயிலுக்குக் கூட்டிப் போவது என் வேலை. எத்தனை முறை போனேன் என்று எனக்கே கணக்கில்லை. வருகிறவர்கள் எல்லோரும் சாவர்க்கர் அறையைக் கேட்பார்கள். எங்கள் ஏர்போர்ட்டுக்கும் அவர் பெயர்தான். அவர் லண்டனில் கிரேஸ் இன்னில் பாரிஸ்டருக்குப் படித்து, பட்டம் மறுக்கப்பட்டவர். ஆனால் நான் சொல்ல வந்த பாரிஸ்டர் அவரில்லை. இந்த ஜெயிலுக்குள் கைதியாக வராதவர். இங்கே வந்த சிலருக்காக வாதாடியவர்.

1896-ல் தொடங்கிய ஜெயில் கட்டட வேலை முடிந்தது 1906-ல். அந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் கல்கத்தாவில் ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து திவால் மனு கொடுத்தார்கள். அப்பா புவன் மோகன் தாஸ், கல்கத்தா ஹைகோர்ட்டில் அட்டர்னி. மகன் சித்தரஞ்சன் தாஸ், பாரிஸ்டர். ஆமாம், பின்னால் 'தேசபந்து' ஆன சி.ஆர். தாஸ்தான்.

1870-ல் பிறந்தவர். ஐ.சி.எஸ். எழுதப் போய் அது கிடைக்காமல், இன்னர் டெம்பிளில் பாரிஸ்டராகி 1890-களில் கல்கத்தா திரும்பினார். அந்தக் காலத்துக் கல்கத்தா ஹைகோர்ட்டின் ஒரிஜினல் பிரிவில் பாரிஸ்டர் நேராகக் கட்சிக்காரரிடம் கேஸ் வாங்க முடியாது. நடுவில் அட்டர்னி இருக்க வேண்டும். அட்டர்னி கேஸ் கட்டைக் கொடுத்தால்தான் பாரிஸ்டருக்குச் சோறு. (சென்னையில் வக்கீல்கள் ஒரிஜினல் பிரிவில் நேராகவே வாதாட முடிந்தது. கல்கத்தாவும் பம்பாயும் இந்த இரட்டை முறையை 1976 சட்டத் திருத்தம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தன.) அப்பாவே அட்டர்னி என்றால் மகனுக்கு யோகம்தானே என்று தோன்றும். ஆனால் புவன் மோகன் கைநீட்டியவருக்கெல்லாம் கொடுப்பவர், கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்து போடுபவர். கடன் கழுத்து வரை வந்தது. மகனும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். முடியாமல் 1906-ல் இருவரும் திவால்.

அப்போது நடப்பில் இருந்தது 1848-ஆம் வருடத்து இந்தியத் திவால் சட்டம். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களுக்கு மட்டும். ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் விசாரிப்பார், திவாலானவன் சொத்து அஃபிஷியல் அசைனியிடம் போகும், அவர் விற்று எல்லோருக்கும் பங்கு பிரிப்பார். மிச்சக் கடன் கடைசியில் கோர்ட் விடுவித்தால் போச்சு.

கோர்ட்டில் பிறர் கேஸுக்கு வாதாட வேண்டிய ஆள், அதே கோர்ட்டில் திவாலாக நிற்கிறார். சக வக்கீல்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? எங்கள் ஊர் பந்தியில் பேச்சு நிற்குமே, அதே மாதிரிதான் பார் லைப்ரரியிலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே கொஞ்சம் சென்னைக்கு வருவோம். ஏனென்றால் அதே 1906-ல் நம் பக்கமும் இரண்டு காரியம் நடந்தது, அதுவும் ஆறே நாள் இடைவெளியில்.

அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். 1882-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி லிமிடெட் கம்பெனி. அதாவது 25 ரூபாய் போட்டவனுக்கு அதிகபட்சம் 25 ரூபாய் நஷ்டம். வீட்டுப் பாத்திரத்தை யாரும் எடுத்துப் போக முடியாது.

அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். அதில் ஆர்பத்நாட் பாங்க் மாதிரியே டெபாசிட் வாங்கும். பென்ஷன்காரர்கள், விதவைகள், குமாஸ்தாக்கள், மைலாப்பூர் வக்கீல்கள் எல்லோரும் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ஓடிப் போகமாட்டான் என்ற நம்பிக்கை. லண்டனில் இருந்த பார்ட்னர் மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பணத்தைக் கரைத்துவிட்டு, 20-ஆம் தேதி பாதாள ரயிலின் முன் விழுந்து செத்துப்போனார். இரண்டு நாளில் சென்னையில் கதை முடிந்தது.

பெயரில் கம்பெனி என்று இருந்தாலும் ஆர்பத்நாட் வெறும் பார்ட்னர்ஷிப். லிமிடெட் கிடையாது. சட்டப்படி பார்ட்னர்கள் வீடு வாசல் வரை பொறுப்பு. இதைத் தெரிந்து டெபாசிட் போட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நம்பியிருப்பார்கள்! ஆனால் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் பொறுப்புக்கு எல்லை இல்லை என்றாலும், அவர் சொத்துக்கு எல்லை இருந்தது. போட்டவர்களுக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை.

கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று வாதாடியவர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். பாரிஸ்டர் இல்லை, வக்கீல். திருவிடைமருதூர்க்காரர். கம்பெனி, திவால் என்று ஒரு வக்கீலின் பெயர் ஊரெல்லாம் பேசப்பட்டது தமிழ்நாட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும் என்பது என் யூகம். சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் வாங்கிக் கொடுத்த கேஸ். அதோடு விடாமல், இனிமேல் நம்ம பணத்துக்கு நம்ம பாங்க் என்று கிளம்பினார். நகரத்தார் கைகொடுக்க, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் பாங்க் திறந்தது. மனுஷன் மிதவாதி. ஆனாலும் பாரதியின் சுதேச கீதங்களை அதே 1907-ல் கைக்காசு போட்டு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவரும் அவரே. 1909-ல் ஹைகோர்ட் நீதிபதி, 1911-ல் கவர்னர் நிர்வாக சபை, அந்த வருடம் டிசம்பரிலேயே காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

சரி, வ.உ.சி. கம்பெனி என்னாயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1908 ஜூலை 7-ல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள், அதாவது நாற்பது வருடம், நாடுகடத்தல் தண்டனை போட்டார். நாடுகடத்தல் என்றால் அன்றைக்கு எங்கள் தீவுதான். ஹைகோர்ட்டில் அப்பீலில் குறைந்ததால் கோயம்புத்தூர், கண்ணனூர் ஜெயில்களோடு போயிற்று, 1912 டிசம்பரில் விடுதலை. ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தைக் கரைத்த கம்பெனியின் தலைவருக்கு 18 மாதம், கப்பல் விட்டவருக்கு நாற்பது வருடம். (ஒப்பிடக் கூடாது, ஒன்று மோசடிக் கேஸ், இன்னொன்று ராஜதுரோகக் கேஸ் என்று மருமகள் சொன்னாள். சரிதான் தாயே, ஆனாலும் கணக்கு எழுதுகிறவனுக்கு இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரிகிறது.) தலைவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இனி தாஸுக்குத் திரும்புகிறேன். 1908-ல் அலிப்பூர் குண்டு வழக்கு. அரவிந்தர், தம்பி பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத் என்று பெரிய பட்டியல். சர்க்கார் தரப்பில் வந்தவர் யார் தெரியுமோ? ஏர்ட்லி நார்ட்டன். நம்ம சென்னையில் பல வருடம் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர், பிறகு கல்கத்தா போனவர். எதிர்த்தரப்பில் அரவிந்தருக்காகப் பாரிஸ்டர் தாஸ், இன்னும் திவால் பெயர் நீங்காத தாஸ். ஃபீஸ் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாதக்கணக்கில் மற்ற கேஸ்களை விட்டுவிட்டு இதிலேயே கிடந்தார். கடன்காரன் செய்கிற காரியமா இது? என் அப்பா இருந்திருந்தால் "கிறுக்கன்" என்றிருப்பார், ஆனால் கொஞ்சம் பெருமையாக.

1909 மே 6-ல் தீர்ப்பு. நீதிபதி பீச்கிராஃப்ட் (ஐ.சி.எஸ். பரீட்சையில் கிரேக்க மொழியில் அரவிந்தருக்குப் பின்னால் வந்தவர்) அரவிந்தரை விடுதலை செய்தார். பாரீந்திரருக்கும் உல்லாஸ்கருக்கும் தூக்கு. அப்பீலில் அது ஆயுள் தண்டனையாகி இருவரும் இங்கே, செல்லுலர் ஜெயிலுக்கு வந்தார்கள். சாவர்க்கர் அறை கேட்கிறவர்களிடம் நான் உல்லாஸ்கர் கதையைத்தான் சொல்வேன். சித்திரவதையில் புத்தி பேதலித்துப்போன அவரை இங்கிருந்து சென்னைப் பைத்திய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். கடலில் இவ்வளவு தூரம் தள்ளி ஜெயில் கட்டியவர்களுக்கு, கடைசியில் சென்னை தேவைப்பட்டது.

அலிப்பூருக்குப் பிறகு தாஸ் தேடப்படும் பாரிஸ்டர் ஆகிவிட்டார். கேஸ் குவிந்தது, பணம் கொட்டியது. 1913-ல், ஒரு நாள் போய், தானும் அப்பாவும் வைத்திருந்த பழைய கடன் மொத்தத்தையும் கட்டினார். சட்டப்படி யாரும் வந்து கேட்டிருக்க முடியாத கடன். கேட்காத கடனைத் தேடிப் போய்க் கட்டிவிட்டு, தங்கள் திவால் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டில் நின்றார். கோர்ட்டும் ரத்து செய்தது.

இதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1848 சட்டத்துக்குப் பதிலாக 1909-ல் மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டம் வந்தது. (மற்ற ஊர்களுக்கு 1907-ல் ஒன்று, பிறகு அதை மாற்றி 1920-ல் ஒன்று. எங்கள் ஊர் மஞ்சள் கடுதாசி எல்லாம் 1920 சட்டம்.) 1909 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கடன் முழுவதும் கட்டப்பட்டால் திவால் உத்தரவைக் கோர்ட் ரத்து செய்யலாம் என்கிறது. பொதுவாக யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை. விடுதலை கிடைத்த பிறகு எவன் திரும்பிப் போய்க் கட்டுவான்? அதனால்தான் தாஸ் பெயர் திவால் சட்டம் பேசும் இடத்தில் வருகிறது. வாதாடிப் புகழ் பெற்றதால் இல்லை, தானே திவாலாகி, அதிலிருந்து வெளியே வந்த விதத்தால்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெரிய சரித்திரம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் கஷ்டத்தில் இருந்த அரவிந்தரிடம், வங்காளத்தில் தான் எழுதிய கடல் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி ஆயிரம் ரூபாய் கொடுத்தார். 1920-ல் ஒத்துழையாமை வந்ததும் அவ்வளவு வருமானத்தையும் ஒரே நாளில் உதறிவிட்டு கோர்ட்டை விட்டு வெளியேறினார். வீட்டைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார். 1925 ஜூன் 16-ல் டார்ஜிலிங்கில் மறைந்தார். எங்கள் தீவுக்கு இன்றைக்கும் கல்கத்தா ஹைகோர்ட்தான் ஹைகோர்ட். இங்கே அதன் சர்க்யூட் பெஞ்ச் உண்டு. கம்பெனி திவாலென்றால் நாங்கள் கொல்கத்தா தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு கேஸ் விஷயமாகக் கொல்கத்தா போகும்போதெல்லாம் எனக்கு இந்த அப்பா-மகன் ஞாபகம் வரும்.

ஏன் வரும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. சிநேகிதர் ஒருவர் எண்ணெய் மில் போட்டபோது பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். லாபத்தில் பங்கு கேட்கவில்லை. 1991-ல் மில் படுத்தது. சிநேகிதர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். கடன் கொடுத்த பதினாலு பேரும் எங்கள் கடை வாசலுக்கு வந்தார்கள். (தமிழில் 'கடன்காரன்' என்றால் கொடுத்தவனா வாங்கினவனா என்று எனக்கு அன்றைக்குத்தான் குழப்பம் தீர்ந்தது. வாசலில் நிற்பவனும் கடன்காரன், உள்ளே ஒளிபவனும் கடன்காரன்.) வக்கீல் அப்பாவிடம், "நீங்களும் ஒரு பெட்டிஷன் போட்டுருங்க அண்ணாச்சி, நாலு வருசத்துல ஊர் மறந்துரும்" என்றார். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

கடை போனது. அம்மா நகை போனது. அக்காவுக்குச் சேர்த்து வைத்தது போனது. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா கல்யாணம் ஆறு வருடம் தள்ளிப் போனது. நான் பி.காம். முடித்ததும் ஊர்க்காரர் ஒருவர் தயவில் கப்பலேறி இங்கே வந்தேன். மாதம் பிறந்தால் மணியார்டர். பதினாலாவது ஆளுக்குக் கடைசி நாலாயிரத்தை 2003-ல் கட்டினோம். அவர் இறந்துபோயிருந்தார். அவர் சம்சாரத்துக்கு அப்படி ஒரு கடன் இருந்ததே தெரியாது. "என்ன காசு அண்ணாச்சி இது?" என்று கேட்டாராம். அப்பா கணக்கு நோட்டைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்தான் நம் வீட்டைக் கெடுத்தான் என்பது அக்காவின் தீர்மானம். எனக்கு வேறு மாதிரி ஒரு எண்ணம் உண்டு, அவளிடம் சொன்னதில்லை. அப்பா அன்றைக்கு அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டிருந்தால், அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகியிருக்கும். தாஸ் தன் வருமானத்தில் கட்டினார். அப்பா எங்கள் வயதில் கட்டினார். இன்றைக்கு என்னிடம் ஒரு கடைக்காரர் அப்பா நிலைமையில் வந்தால், சட்டம் இருக்கிறது, பயன்படுத்துங்கள், பிள்ளைகளைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன், இரண்டு பேரிடம். அப்படிச் சொன்ன ராத்திரிகளில் அப்பா நோட்டும் கண்ணில் வரத்தான் செய்கிறது.

வ.உ.சி.யும் இந்த ரகம்தான். ஜெயிலுக்குப் போனதில் வக்கீல் சன்னதையும் பறித்துவிட்டார்கள். 1924-ல் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தினார். கம்பெனி லிமிடெட், அதன் கடனுக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சொந்தக் கடன்? 1936-ல் சாவதற்கு முன் எழுதிய உயிலில் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனி தொடங்கியவர் உயிலில் கடைப் பாக்கி.

இதைச் சொன்னபோது போனில் அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா நோட்டு இங்கதான்டா இருக்கு, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி" என்றாள். அவ்வளவுதான். மகள் படிப்பைப் பற்றி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போதைக்கு அது பெரிய விஷயம் :-)

ராத்திரி மருமகளிடமிருந்து வாட்ஸ்அப். 21-ஆம் பிரிவைத் தேடிப் படித்துவிட்டாள்.

"மாமா, தாத்தாவும் எல்லாத்தையும் கட்டிட்டாருல்ல. இந்தப் பிரிவுல ரத்து பண்ணியிருக்கலாமே?"

"ஊருக்கு அந்தச் சட்டமே இல்ல பாப்பா, 1920 சட்டம். அது கிடக்கட்டும். தாத்தா மேல திவால் உத்தரவே கிடையாதே. எதை ரத்து பண்றது?"

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் மறுநாள் காலையில்தான் வந்தது. "அம்மா நோட்டை எடுத்துக் குடுத்தாங்க மாமா. பதினாலு கையெழுத்தும் இருக்கு."